முதல் கோடை

ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்கு வாசற்படிவரை ஆள் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வாரம் கழித்து அதே கோயிலில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். ஆர்கன் வாசிக்கிறவர் ஆம்பூரில் இருப்பார். பாடகர் குழுவில் பாதிப் பேர் நாகர்கோவில் ரயிலில் ஏறியிருப்பார்கள். ஞாயிறு பள்ளிக்கு விடுமுறை. ஆயர் தம் வருட விடுப்பை மே மாதத்துக்கென்றே சேர்த்து வைத்திருப்பார். இல்லையென்றால் மாற்றலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். நான்கு ஆண்டு இறையியல் படித்து, பேராயர் தலையில் கைவைத்துப் பட்டம் கொடுத்து, அங்கியின் மடிப்புக்கூடக் கலையாத டீக்கனாகிய நீங்கள் கோயில் சாவிக்கொத்தோடு தனியாக நிற்பீர்கள்.

என் முதல் கோடையில் இதை ஓய்வுக்காலம் என்று எண்ணிவிட்டேன். சனங்கள் திரும்பி வந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்று புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். ஊருக்குப் போக வழியில்லாதவர்கள் சேகரத்தில் எத்தனை பேர் என்பது எனக்கு மே மாதக் கடைசியில்தான் தெரிந்தது. ஊர் என்று சொல்ல வீடு இல்லாதவர்கள், வீடு இருந்தும் நான்கு டிக்கெட்டுக்குப் பணம் இல்லாதவர்கள், விடுப்புக் கிடைக்காத போலீஸ்காரர், இரவுப் பணி நர்ஸ், அடுக்குமாடிக் காவலாளி, படுக்கையில் கிடக்கும் தாய், அவளை விட்டு நகர முடியாத மகள். கோடையில் சேகரம் என்பது இவர்கள்தான். இந்த அத்தியாயத்தை அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பெங்களூரில் உங்கள் சேகரம் இருக்கும் அடுகோடியை முதலில் கால்நடையாகச் சுற்றிவிடுங்கள். ஒரு பக்கம் ஆயுதப்படைப் போலீஸ் குடியிருப்பு. இன்னொரு பக்கம் பாஷ் வளாகம். 1951இல் தொடங்கிய அந்தக் கம்பெனியைப் பழைய ஆட்கள் இன்றும் ‘மைக்கோ’ என்றுதான் சொல்வார்கள். தாத்தா மைக்கோவில் பிட்டராக இருந்தார் என்று பெருமையாகச் சொல்லும் தமிழ்க் குடும்பம் உங்கள் பெஞ்சிலும் இருக்கும். லக்கசந்திரா, வில்சன் கார்டன், ராஜேந்திர நகர், ஈஜிபுரா என்று விரிந்துகொண்டே போகும். ஓசூர் சாலையில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம், நிம்ஹான்ஸ், கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை, சற்றுத் தள்ளிக் கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ். உங்கள் கோடைக்காலப் பாதை பெரும்பாலும் இவற்றுக்கு நடுவில்தான்.

பகல் பொழுது

பெங்களூரில் வெயில் இல்லை என்று சொந்த ஊரிலிருந்து வருகிறவர்கள் நினைப்பதுண்டு. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருப்பதால் இரவு குளிர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி பதிவானது. சந்திப்புக்குக் காலை 7 முதல் 10 வரையும் மாலை 5.30க்கு மேலும் போங்கள். நடுப்பகலில் வீட்டுக்குள் சிமெண்ட் கூரையின் கீழே புழுங்கிக் கிடப்பவர்களுக்கு நீங்கள் போவதும் ஒரு சுமை. எழுந்து உட்கார வேண்டும், நாற்காலி தேட வேண்டும், மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்ப வேண்டும். அந்த நேரத்தைப் பிரசங்கத் தயாரிப்புக்கும் பதிவேட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கி பருத்தியில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். டெரிகாட்டன் மடிப்புக் கலையாது, ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி நேர ஆராதனையில் அதற்குள் நிற்க முடியாது. அன்று சிலுவையின் ஏழு வார்த்தைகளில் ஒன்றைப் புது டீக்கனுக்குக் கொடுப்பது பல சேகரங்களில் வழக்கம். 12 நிமிடத்துக்குமேல் பேசாதீர்கள். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் பலர் உபவாசத்தோடு வந்திருப்பார்கள். பின்வாசலில் தண்ணீர்க் கேனும் டம்ளரும் இருக்கிறதா என்று ஆராதனைக்கு முன்பே பார்த்துவிடுங்கள், மயக்கம் வந்தால் படுக்கவைக்க ஒரு பெஞ்சையும் ஒதுக்கிவிடுங்கள்.

2024இல் பெரிய வெள்ளி மார்ச் 29ஆம் தேதி வந்தது. நகரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்த மாதம் அது. தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தையை அந்த வருடம் எவரும் உருவகமாகக் கேட்டிருக்க முடியாது. காலையில் குடத்தோடு டேங்கர் வரிசையில் நின்றுவிட்டு வந்த பெண்கள் நடுப்பகலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று பேசும்போது அகராதியிலிருந்து கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டு போவதைவிட, அந்த வாரம் தெருக்குழாயில் தண்ணீர் எந்தெந்த நாள் வந்தது என்று தெரிந்துகொண்டு போவது முக்கியம்.

ஒரு டம்ளர் தண்ணீர்

வெயிலில் போகிறீர்கள், கையில் தண்ணீர்ப் பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது அதைப் பைக்குள் வைத்துவிடுங்கள். கொண்டுவந்து கொடுக்கும் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக் குடியுங்கள்.

இதைச் சின்ன விஷயமாகப் படித்துக் கடந்துவிட வேண்டாம். நம் சபைகளில் பெரும் பகுதியினர், தங்கள் பாட்டன் கையில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்காத காலத்தை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். “வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்” என்று நீங்கள் மரியாதைக்குச் சொல்வது அவர்கள் காதில் வேறொன்றாக விழும். எனக்கு அப்படி நடந்தது. ஈஜிபுராவில் ஒரு பாட்டி கொண்டுவந்த மோரை, வயிறு சரியில்லை என்று வேண்டாமென்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் ஜெபம் முடியும்வரை வெளியே வரவில்லை. பிறகு இரண்டு மாதம் கோயிலுக்கும் வரவில்லை. அவருடைய மகன்தான் ஒருநாள் எனக்குக் காரணத்தைச் சொன்னான். மறுநாளே போய், அதே திண்ணையில் உட்கார்ந்து, மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கேன் தண்ணீர் விலை கொடுத்து வாங்கும் வீடுகளில் அரை டம்ளர் போதும் என்று முன்பே சொல்லுங்கள். அது மறுப்பாகாது. ஒரு நாளைக்கு நான்கு வீட்டுக்குமேல் போகாதீர்கள். பத்து வீடு போய்வந்ததாகக் குறிப்பு எழுதலாம். ஆனால் பத்தாவது வீட்டில் உங்களால் எதையும் கேட்டுக்கொள்ள முடியாது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அடுகோடித் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுவார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். கர்நாடக மத்தியப் பேராயத்தில் ஊழியம் செய்ய வந்த உங்களுக்குப் பரமண்டல ஜெபமாவது கன்னடத்தில் மனப்பாடமாக இருக்கட்டும். கணவன் தமிழ், மனைவி கன்னடம் என்றிருக்கும் வீடுகளில் அந்த ஒரு ஜெபம் போதும், அவள் உங்களைத் தன் போதகராகவும் எண்ணத் தொடங்குவாள்.

பெண் டீக்கன்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. “ஐயரம்மா வந்திருக்காங்க” என்று வாசலில் சொல்வார்கள். ஆயரின் மனைவி என்ற பொருளில். திருத்துங்கள், புன்னகையோடு, ஒவ்வொரு தடவையும். தென்னிந்தியத் திருச்சபை 2013இல் புஷ்பலலிதா அம்மையாரை நந்தியால் பேராயராக்கிவிட்டது. ஆனால் தெருவின் பேச்சுவழக்கு மெதுவாகத்தான் மாறும். பிரசவ வார்டிலும், கணவனிடம் அடிவாங்கிய பெண்ணின் சமையலறையிலும் ஆண் ஆயருக்குக் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைக்கும்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

ஆயர் விடுப்பில் இருக்கும்போது திருவிருந்து நடத்தச் சொல்லி சேகரக் கமிட்டியில் யாராவது கேட்பார்கள். “நீங்களே பண்ணிடுங்க ஐயா, யாருக்குத் தெரியப்போகுது” என்பார்கள். முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். டீக்கனுக்கு அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதிக்கும் பொறுப்பு இன்னும் கொடுக்கப்படவில்லை. பக்கத்துச் சேகரத்து ஆயரை இரண்டு வாரம் முன்பே அழைத்துவிடுங்கள். நோயாளி வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுபோவதைப் பற்றி உங்கள் ஆயரிடம் அவர் கிளம்புவதற்குமுன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அது உறுத்தாது. 1919 மே மாத வெயிலில் தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியர்களான ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்து திருச்சபைகளை ஒன்றாக்குவது பற்றிப் பேசியது. முன்னின்றவர்களில் ஒருவர் தோர்ணக்கல் பேராயர் அசரியா, திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானவர். பேராயர் முறை உள்ளவர்களும் அந்த முறையே வேண்டாம் என்றிருந்தவர்களும் ஒரே பந்தியில் உட்கார 28 ஆண்டுகள் பேச வேண்டியிருந்தது. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் அது நிறைவேறியபோது அசரியா உயிரோடு இல்லை. 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். பேராயர், ஆயர், டீக்கன் என்ற வரிசை அவ்வளவு பேசி, விட்டுக்கொடுத்து, காத்திருந்து பெற்றது. நீங்கள் இடது தோளிலிருந்து குறுக்காகப் போட்டிருக்கும் அந்தத் துண்டு ஏவலாளின் அடையாளம். பந்தி பரிமாறுவதும் நோயாளிகளைத் தேடிப்போவதும்தான் டீக்கனின் முதல் வேலை. கோடை அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கிறது.

வார்டுக்குள்

1925ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு நான்கு இறையியல் மாணவர்கள் போனார்கள். அவர்களை அழைத்தவர் அங்கே குருவாக இருந்த ஆன்டன் பாய்சன். அவரே மனநோயால் மருத்துவமனையில் கிடந்து மீண்டவர். மாணவர்களை அவர் பிரசங்கத்துக்கு விடவில்லை. வார்டில் உதவியாளர்களாக வேலை செய்ய வைத்தார். புத்தகத்தைப் படிப்பதுபோல மனிதரைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இன்று அங்கே எப்பிஸ்கோப்பல் சபைக் குருமாணவர்களில் பெரும்பாலோர் ஒரு கோடையையாவது மருத்துவமனையில் கழித்த பின்புதான் பட்டம் பெறுகிறார்கள். உங்களுக்கோ அந்தப் பள்ளிக்கூடம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது.

கிட்வாய்க்கும் நிம்ஹான்ஸுக்கும் தமிழ்நாட்டின் எல்லை மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்துகொண்டேயிருக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து ஆட்கள். பலகைகள் கன்னடத்தில். மூன்றாம் கவுண்டர் எது, ரத்தப் பரிசோதனை எங்கே என்று தெரியாமல் வெளியே மரத்தடியில் பாயை விரித்துக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது பலகையைப் படித்துச் சொல்ல ஓர் ஆள், தர்மசாலையில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவர ஓர் ஆள். அதைச் செய்யுங்கள். ஜெபம் வேண்டுமா என்பதை அவர்கள் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். எந்த மதத்தவர் என்று கேட்காதீர்கள்.

வார்டுக்குள் போகுமுன் பொறுப்பு நர்ஸிடம் பெயரைச் சொல்லி அனுமதி கேளுங்கள். கீமோ எடுத்துக்கொண்டவருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். சாதாரணச் சளியே அவருக்கு ஆபத்து. கையைக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள். பூ வேண்டாம், திராட்சை வேண்டாம். உங்களுக்கே தொண்டை கரகரப்பு இருந்தால் அன்று போகாமல் போன் செய்யுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். சத்தமாக ஜெபிக்காதீர்கள், அடுத்த கட்டிலில் வாந்தி நின்று இப்போதுதான் கண்ணயர்ந்த ஒருவர் இருப்பார்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஜெபக்காரர்கள் எல்லாச் சேகரத்திலும் உண்டு. நீங்கள் அதற்கு நேர் எதிராக நிற்க வேண்டும். “மாத்திரை சாப்பிட்டீங்களா?” என்பதே உங்கள் முதல் விசாரிப்பாக இருக்கட்டும். கோடையில் இன்னொரு கவனம் தேவை. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். லெந்து காலத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருப்பவர்கள் நம்மில் அதிகம். லித்தியம் சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது என்று சாம்பல் புதன் அன்றே பீடத்திலிருந்து ஆயரை அறிவிக்கச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் விசுவாசக் குறைவென்று அவர்கள் வெட்கப்படுவார்கள். பொதுவில் ஆயர் வாயால் வந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளி

ஏப்ரல் இரண்டாம் வாரம் அரசுப் பள்ளிகள் மூடியதும் வி.பி.எஸ். தொடங்கலாம். காலை 9 முதல் 12 வரை பத்து நாள் போதும். இதற்கென்று பாட்டும் பாடமும் கைவேலையும் அச்சிட்டு வருவதால் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக ஓர் அறையில் இருக்கக்கூடாது, நீங்களும்தான். பிள்ளை எதையாவது உங்களிடம் சொன்னால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அதைப் புகாராகத் தெரிவிப்பது உங்கள் கடமை, கமிட்டியோடு பேசி மூடிவைப்பது குற்றம். வேறு மதத்துப் பிள்ளைகள் வந்தால் வீட்டுக்கே போய், என்ன பாட்டு, என்ன கதை சொல்கிறோம் என்பதைப் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 11 மணிக்கு எலுமிச்சை ஜூஸும் வயிறு நிறைய ஏதாவதும் கொடுங்கள், ஏனென்றால் பள்ளி மூடியதால் மதிய உணவும் நின்றுபோன பிள்ளைகள் அந்த வரிசையில் இருப்பார்கள்.

ஓலையும் கல்லறையும்

லெந்தில் கல்யாணம் கிடையாது. அதனால் ஈஸ்டர் முடிந்ததும் ஏப்ரல் கடைசியிலும் மே முழுவதும் கல்யாணம்தான். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும் என்பதால் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் ஈஸ்டர் வரலாம், எனவே போன வருடக் கணக்கு இந்த வருடத்துக்கு உதவாது. கல்யாணத்தை நடத்துவது ஆயர். ஓலை, ஒத்திகை, ஞானஸ்நானச் சான்று, பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 என்ற வயதுச் சான்று, பதிவேடு எல்லாம் உங்கள் பொறுப்பில் வரும். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி காலை 6க்கும் மாலை 7க்கும் இடையில்தான் திருமணம் நடக்க வேண்டும். பேராயரின் சிறப்பு அனுமதி இருந்தால் மட்டும் விலக்கு. 5 மணிக்குக் கல்யாணம் வைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 3.30க்கு மேல் எழுதாதீர்கள்.

பதிவேட்டில் பெயரை எழுதும்போது பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நம் இனிஷியல் வழக்கம் வெளிநாட்டுத் தூதரகத்துக்குப் புரியாது. ஒரு பெண்ணின் பெயரில் ஒரே ஓர் ஆங்கில எழுத்தை நான் விட்டுவிட்டேன். கணவனோடு துபாய்க்குப் போக வேண்டிய அவள், சான்று திருத்தி வரும்வரை பல மாதம் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். அவள் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கை நிற்கும்.

சாவு வீடு கோடையில் அவசரம் கேட்கும். தமிழ்நாட்டிலிருந்து மகன் வரவேண்டும் என்று காத்திருப்பார்கள். ஐஸ் பெட்டி வந்ததா, மின்சாரம் நிற்காமல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் நெருக்கடி. குடும்பக் கல்லறை இருந்தால் அதன் ரசீதை உடனே தேடச் சொல்லுங்கள். வெயிலில் மண் இறுகியிருக்கும், குழி தோண்ட வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும், எனவே காலையிலேயே ஆட்களிடம் சொல்லிவிடுங்கள், அவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் போக ஏற்பாடு செய்யுங்கள். அடக்கத்தை மாலை 4.30க்கு வைத்து, பேச வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு, குழியருகே ஒழுங்குமுறையில் உள்ளதை மட்டும் படியுங்கள். மறுநாள் கூட்டம் இருக்கும். நீங்கள் போக வேண்டியது ஒன்பதாம் நாள், சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப்போன பிறகு.

வாரத்தில் ஒரு நாள், திங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கோயில் சாவியைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுங்கள். லால்பாக் பக்கம்தான் இருக்கிறது. சாகக் கிடப்பவர் வீட்டிலிருந்து அழைத்தால் மட்டும் எழுந்து போங்கள்.

இதற்கெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். போன வீடு, அங்கே கேட்ட பெயர்கள், மறுபடி போக வேண்டிய தேதி, இவ்வளவுதான் அதில் எழுத வேண்டும். நோயின் விவரத்தையும் குடும்ப ரகசியத்தையும் எழுதாதீர்கள், நோட்டு தொலையக்கூடும். மே கடைசியில் இரண்டு மழை பெய்திருக்கும். மாம்பழக் கூடையோடும் அல்வாப் பொட்டலத்தோடும் எல்லோரும் திரும்பி வருவார்கள். ஜூன் முதல் ஞாயிறு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும் நாளில் பெஞ்சுகள் மறுபடி நிறைந்துவிடும், ஆயரும் வந்துவிடுவார், உங்களுக்கு ஆயிரம் வேலை வரும். அதற்கு முந்தின வியாழக்கிழமை நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். ‘போகவில்லை’ என்று குறித்திருக்கும் பெயர்களுக்கு வெள்ளியும் சனியும் இருக்கின்றன.